தெருப்பாடகரும் பியானோப் பெண்ணும்

பிரெஞ்சு வழியில் படித்த எனக்குத் தெருப்பாடகர் என்றதும் பாரீசின் எதித் பியாஃப்தான் நினைவுக்கு வருவார். டப்ளின் நகரத்துக்கும் அப்படி ஒருவர் உண்டு நண்பர்களே: க்ளென் ஹான்சார்ட். 13 வயதில் பள்ளியை விட்டு, கிட்டாரோடு தெருவில் நின்று பாடியவர்.

செக் நாட்டு மார்கெட்டா இர்க்லோவா அவரைவிட ஏறக்குறைய 18 வயது இளையவர்; பியானோ வாசிப்பார். 2006இல் இருவரும் சேர்ந்து 'த ஸ்வெல் சீசன்' என்ற இசைத்தட்டை வெளியிட்டார்கள். பிறகு அதுவே குழுவின் பெயராயிற்று.

ஜான் கார்னி இயக்கிய 'ஒன்ஸ்' படத்தில் இருவரும் நடித்தார்கள். 17 நாளில், சுமார் 1,50,000 டாலரில் எடுத்த படம். தெருக் காட்சிகளைத் தொலைவிலிருந்து எடுத்ததால், படப்பிடிப்பு நடப்பதே வழிப்போக்கர்களுக்குத் தெரியாது.

அதில் வந்த 'ஃபாலிங் ஸ்லோலி' பாடலுக்கு 2008 பிப்ரவரியில் ஆஸ்கார் கிடைத்தது. ஹான்சார்ட் நன்றி சொல்லி முடித்தார். மார்கெட்டா பேச வாயெடுத்ததும் வாத்தியக்குழு வாசிக்கத் தொடங்கிவிட்டது. அவர் பேசாமலே இறங்கினார். விளம்பர இடைவேளை முடிந்ததும் தொகுப்பாளர் ஜான் ஸ்டூவர்ட் அவரை மறுபடி மேடைக்கு அழைத்தார். அந்த 19 வயதுப் பெண், இது எங்களுக்கு மட்டுமல்ல, போராடிக்கொண்டிருக்கும் சுயேச்சைக் கலைஞர்கள் எல்லோருக்கும் பெரிய விஷயம் என்று பேசினார்.

காதலர்களாகவும் இருந்த இருவரும் பின்னர் பிரிந்தார்கள். ஆனாலும் 2009இல் 'ஸ்ட்ரிக்ட் ஜாய்' தட்டைச் சேர்ந்தே வெளியிட்டார்கள். 'ஒன்ஸ்' மேடை நாடகமாகி 2012இல் 8 டோனி விருதுகள் பெற்றது.

விருதுகள் இருக்கட்டும். பேச்சை மறித்த மேடையே அவரைத் திரும்ப அழைத்ததே, அதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது.