மணல்மேல் கூடும் சபை: மாராமண் கூட்டமும் பம்பை ஆற்றின் பருவமும்

மும்பை மஸ்ஜித் பந்தரில் நாற்பது ஆண்டுகளாக மிளகு, சுக்கு, ஏலம் வியாபாரம் செய்து வருகிறவன் நான். பிறப்பால் வந்தவாசிப் பக்கத்துத் தமிழ்ச் சமணன். கல்லூரி வாசலை மிதித்ததில்லை. கடை மூடிய பிறகு படித்ததும், சரக்கு வாங்கப் போன ஊர்களில் கண்டு கேட்டதும்தான் என் கல்வி. கிறிஸ்தவ வழிபாட்டு வரலாற்றை ஒரு சமணன் ஏன் எழுத வேண்டும் என்று இம்மலரின் வாசகர்கள் கேட்கலாம். அதற்குக் காரணம் மிளகு மூட்டைதான்.

1980-களின் பிற்பகுதி. மத்திய கேரளத்தில் கோழஞ்சேரிப் பக்கத்து வியாபாரி ஒருவரிடம் வழக்கமாக மிளகு எடுப்பேன். மார்த்தோமா சபையைச் சேர்ந்தவர், என்னைவிட மூத்தவர். ஊரார் அழைக்கிறபடியே நானும் அவரை அச்சாயன் என்பேன். அவர் என்னை "நயினாரே" என்பார். பிப்ரவரி மாதம் புது மிளகு இறங்கும் சமயம். இரண்டாம் வாரம் லோடு வேண்டும் என்று ட்ரங்க் கால் போட்டேன். "அந்த வாரம் நடக்காது நயினாரே. வீட்டோட எல்லாரும் மணப்புறத்துக்குப் போயிருவோம். மூட்டை தூக்க ஆள் கிடைக்காது" என்றார். "கோயில் திருவிழாவா?" என்றேன். "திருவிழா இல்லே, கன்வென்ஷன். கோயிலும் இல்லே, ஆத்து மணல். ஒருதடவை வந்துதான் பாருங்களேன்" என்றார்.

சரக்கு தாமதமான எரிச்சல் எனக்கு. ஆனாலும் ஆற்று மணலில் ஒரு வாரம் உட்கார்ந்து வழிபடும் கிறிஸ்தவர்கள் என்ற செய்தி மனத்தில் தங்கிவிட்டது. அன்று தொடங்கிய தேடலில் கிடைத்தவற்றையே இங்கே தொகுத்துத் தருகிறேன்.

கூரைக்கு வெளியே

இயேசு மலைமேலும் ஏரிக்கரையிலும் நின்று போதித்தார் என்பது யாவரும் அறிந்ததே. பின்னாளில் அவருடைய சமயம் பெரிய பெரிய கற்கோயில்களுக்குள் போய்விட்டது. போன பிறகும் வயல்வெளியை அது முழுக்க விட்டுவிடவில்லை. ஏறத்தாழ 470-இல், இன்றைய பிரான்சில் உள்ள வியென் நகரத்து ஆயர் மாமெர்த்துஸ், நிலநடுக்கமும் தீயும் ஊரை வாட்டிய காலத்தில், இயேசு விண்ணேறிய திருநாளுக்கு முந்தைய மூன்று நாளும் மக்கள் நோன்பிருந்து மன்றாடிக்கொண்டே ஊர்வலம் வரும் வழக்கத்தை ஏற்படுத்தினார். 511-இல் ஓர்லியானில் கூடிய ஆயர் பேரவை அதை அந்த நாடு முழுவதற்கும் பொதுவாக்கியது. அந்த நாட்கள் அங்கே வசந்த காலத்தில் வரும். பயிர் இளசாக நிற்கும் நேரம். ஆகவே காலப்போக்கில் அது விளைச்சலுக்காக வேண்டும் ஊர்வலமாகவும் ஆயிற்று. இங்கிலாந்தில் அதே நாட்களில் ஊர் எல்லையைச் சுற்றி வந்தார்கள். வரைபடம் இல்லாத காலம். எல்லைக்கல்லையும் எல்லை மரத்தையும் சிறுவர்களுக்குக் கோலால் தட்டிக் காட்டி நினைவில் நிறுத்தினார்கள்.

அடுத்த திருப்பம் 1739-இல் வந்தது. பிரிஸ்டல் நகருக்கு அருகே கிங்ஸ்வுட்டில் நிலக்கரி வெட்டும் தொழிலாளர்களுக்கு ஜார்ஜ் விட்ஃபீல்டு பிப்ரவரி மாதத்தில் வெட்டவெளியில் பிரசங்கம் செய்தார். பல கோயில்களின் கதவு அவருக்கு அடைபட்டிருந்தது. கோயிலுக்குப் போகும் வழக்கமே இல்லாதவர்கள் அந்தத் தொழிலாளர்கள். அதே ஆண்டு ஏப்ரலில் ஜான் வெஸ்லியும் தயக்கத்தோடு வெளியே வந்தார். 1762-இல் கார்ன்வால் பகுதியில் குவென்னப் என்னும் ஊரில் காற்று பலமாக அடித்ததால் வழக்கமான இடத்தில் அவரால் நின்று பேச முடியவில்லை. பக்கத்திலிருந்த ஒரு பள்ளத்துக்குக் கூட்டத்தை அழைத்துப் போனார். காற்று காட்டிய அந்த இடத்தில் 1789 வரை பதினெட்டு முறை பேசினார். பின்னர் ஊரார் அந்தப் பள்ளத்தைச் சுற்றிப் படிப்படியாக இருக்கைகள் அமைத்தார்கள்.

1801 ஆகஸ்டில் அமெரிக்காவில் கென்டக்கி மாநிலத்துக் கேன் ரிட்ஜில் ஆயிரக்கணக்கானோர் வண்டி கட்டிக்கொண்டு வந்து பல நாள் தங்கி வழிபட்டார்கள். 1875-இல் இங்கிலாந்தின் ஏரிப் பகுதியில் கெசிக் என்னும் ஊரில் கூடாரம் அடித்துத் தொடங்கிய கூட்டத்துக்குக் 'கன்வென்ஷன்' என்று பெயர். இதே பெயரைத்தான் கேரளத்திலும் கேட்கிறோம்.

கேன் ரிட்ஜ், கெசிக் இரண்டுமே கோடைக்காலக் கூட்டங்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். பனிக்காலத்தில் பல நாள் வெளியே தங்க அங்கே முடியாது. கேரளத்தில் ஜூன், ஜூலை என்றால் வானம் பிய்த்துக்கொண்டு கொட்டும். ஆகவே சமயம் ஒன்றே ஆனாலும், கூரையை விட்டு வெளியே வந்தவுடன் நாள் குறிப்பது அந்தந்த ஊர் வானம்தான்.

மாராமண்

பத்தனம்திட்டா மாவட்டத்தில் கோழஞ்சேரிக்கு எதிர்க்கரையில் பம்பையாற்றை ஒட்டிய ஊர் மாராமண். 1845-இல் மறைந்த பாலக்குன்னத்து ஆபிரகாம் மல்பான் இவ்வூர்க்காரர். சிரியாக் மொழியில் நடந்துவந்த வழிபாட்டை, மக்களுக்குப் புரியும்படி மலையாளத்துக்குக் கொண்டுவந்த சீர்திருத்தக்காரர். அந்தச் சீர்திருத்த வழியில் வந்ததே மார்த்தோமா சபை. 1888-இல் பன்னிரண்டு பேர் கூடி அச்சபையின் சுவிசேஷ சங்கத்தைத் தொடங்கினார்கள். அச்சங்கம்தான் 1890-களின் நடுவில் பம்பை மணலில் இந்தக் கூட்டத்தைத் தொடங்கியது. 2020 பிப்ரவரியில் 125-ஆவது கூட்டம் நடந்தது.

ஆரம்ப ஆண்டுகளில் அங்கே பேசியவர்களில் நம் மொழிக்காரர் ஒருவரும் உண்டு. 'தமிழ் டேவிட்' என்பதே அவருக்கு அங்கே வழங்கிய பெயர். அமெரிக்கரான ஸ்டான்லி ஜோன்ஸ் பல ஆண்டுகள் வந்து பேசியிருக்கிறார். மேடைப் பேச்சை மொழிபெயர்ப்பவர் கூடவே நின்று மலையாளத்தில் சொல்வார்.

1994-இல்தான் நான் முதன்முதல் போனேன். கரையிலிருந்து இறங்கி, மெலிந்து ஓடும் தண்ணீர்மேல் கட்டியிருந்த தற்காலிகப் பாலத்தில் நடந்து மணல்திட்டுக்குப் போக வேண்டும். ஓலை வேய்ந்த மாபெரும் பந்தல், சுற்றிலும் திறப்பு. நாற்காலிகள் கொஞ்சம்தான். பெரும்பாலோர் மணலிலேயே உட்கார்ந்திருந்தார்கள். காலையில் மணல் குளிர்ந்திருந்தது. பதினொரு மணிக்கெல்லாம் பந்தலுக்கு வெளியே கால் வைக்க முடியவில்லை. குழந்தைகள் தாயின் மடியருகே மணலைக் குவித்து விளையாடிக்கொண்டிருக்க, ஆயிரக்கணக்கானோர் அந்த ஆண்டின் பாட்டுப் புத்தகத்தைப் பிரித்துப் பாடினார்கள். பாட்டு நின்றதும் ஆற்றின் சத்தம் கேட்டது. எனக்குப் பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டாக வேண்டும் என்பது அச்சாயனுக்குத் தெரியும். மாலைக் கூட்டத்தின் நடுவிலேயே என்னைக் கூட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். "உங்க சாமியும் வெளியிலேதானே நயினாரே?" என்று வழியில் கேட்டார். பொன்னூர் மலையில் குந்தகுந்தாச்சாரியார் பாதத்தைத் தரிசிக்க வெயிலுக்கு முன்னே நாங்கள் ஏறுவதைச் சொன்னேன்.

ஆற்றின் பஞ்சாங்கம்

ஏன் பிப்ரவரி? இதை ஆற்றிடம்தான் கேட்க வேண்டும். பீருமேட்டு மலைப்பகுதியில் பிறந்து, சபரிமலை அடிவாரம் வழியாக 176 கிலோமீட்டர் ஓடி வேம்பநாட்டுக் காயலில் சேர்வது பம்பை. ஜூன் தொடங்கித் தென்மேற்கு மழையில் கரைபுரண்டு ஓடும். ஓணத்தை ஒட்டி, சற்றுக் கீழே ஆரன்முளையில் பாம்புப் படகுகள் பாடிக்கொண்டு போக அந்த வெள்ளம் வேண்டும். ஐப்பசி மழையும் ஓய்ந்த பிறகு, மார்கழி தை மாதங்களில் தண்ணீர் இறங்கி மணல் தலைகாட்டும். பிப்ரவரியில் திட்டு அகலமாக உலர்ந்து கிடக்கும். கோடை மழை தொடங்க இன்னும் நாள் இருக்கும். ரப்பர் மரங்கள் இலை உதிர்த்துப் பால் குறையும் காலமும் அதுவே. மிளகுப் பறிப்பும் முடிந்துகொண்டிருக்கும். வேலைக்கும் ஆற்றுக்கும் ஒரே சமயத்தில் ஓய்வு கிடைப்பது அப்போதுதான். இதே ஆற்றங்கரையில் செருகோல்புழையில் 1913 முதல் நடந்துவரும் இந்து சமய மாநாடும் பிப்ரவரியில்தான் கூடுகிறது. இரு சமயத்தார்க்கும் நாள் குறித்துக் கொடுப்பது ஒரே ஆறு.

எங்கள் முனிவர்கள் ஆண்டு முழுதும் நடந்துகொண்டே இருப்பவர்கள். மழைக்காலம் நான்கு மாதம் மட்டும் ஓரிடத்தில் தங்குவார்கள். சாதுர்மாஸ்யம் என்பார்கள். மழையில் முளைத்த புல்லையும் புழுவையும் மிதிக்கக்கூடாது என்பதே அதன் கருத்து. அங்கே மழை வந்ததும் நடை நிற்கிறது. மாராமணில் மழை போனதும் கூட்டம் கூடுகிறது. இரண்டிலும் மனிதன் பருவத்துக்குக் கீழ்ப்படிகிறான் என்று எனக்குப் பட்டது. அச்சாயனிடம் இதைச் சொன்னபோது சிரித்தார். "ஆறு சம்மதிச்சாத்தான் எங்களுக்குப் பந்தல்" என்றார்.

மணல் எங்கே போயிற்று?

அந்த ஆற்றுக்குத்தான் நோய் வந்தது. பம்பையின் மேற்பகுதி நீரைத் தேக்கி 1966-இல் சபரிகிரி நீர்மின் திட்டம் வந்தது. மின்சாரம் தேவைதான். ஆனால் அணை தண்ணீரை மட்டும் நிறுத்துவதில்லை, மலையிலிருந்து இறங்கும் மணலையும் நிறுத்துகிறது. வரவு குறைந்தபோது செலவு கூடியது. வளைகுடாவுக்குப் போனவர்கள் பணம் அனுப்பினார்கள். ஊருக்கு ஊர் கான்கிரீட் வீடுகள் எழும்பின. வள்ளங்களில் மணலை அள்ளி, லாரி லாரியாகக் கொண்டுபோனார்கள். ஆற்றுப் படுகை பல இடங்களில் தாழ்ந்துவிட்டது. படுகை தாழ்ந்தால் கரையோரக் கிணறுகளில் தண்ணீர் இறங்கும், கரை சரியும், பாலத்தின் அடித்தளம் வெளியே தெரியும். கேரள அரசு 2001-இல் ஆற்றங்கரைப் பாதுகாப்புக்கும் மணல் அள்ளுவதைக் கட்டுப்படுத்தவும் தனிச் சட்டமே இயற்ற வேண்டியதாயிற்று.

2018 ஆகஸ்டில் பெருவெள்ளம். ராந்நி, கோழஞ்சேரி, ஆரன்முளை, செங்கன்னூர் எல்லாம் மூழ்கின. அச்சாயனின் கிட்டங்கியிலும் ஆள் உயரத்துக்குத் தண்ணீர் ஏறியது. நனைந்த மிளகு பூஞ்சை பிடித்து வீணாயிற்று. அடுத்த பிப்ரவரியில் நான் போனேன், சரக்குக்காக அல்ல, அவரைப் பார்க்க. எண்பதைத் தாண்டியிருந்தார். பேரன் தோளைப் பிடித்துக்கொண்டு மணலுக்கு வந்தார். அந்த ஆண்டும் பந்தல் நின்றது, பாட்டு கேட்டது. கொஞ்ச நேரம் கழித்து மணலைக் கையில் அள்ளிக் காட்டி, "துபாயிலிருந்து பையன் அனுப்பின காசிலே வீடு கட்டினோமே நயினாரே, அதுக்கும் இங்கேயிருந்துதான் மணல் வந்தது. நான்தான் லாரிக்குச் சொன்னேன். வருஷா வருஷம் இங்கே உக்காந்து ஜெபம் பண்றதும் நான்தான்" என்றார்.

எனக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை. ஏனென்றால் 2003-இல் என் சொந்த ஊரில் நானும் மும்பைக் காசில் வீடு கட்டியிருந்தேன். செய்யாற்று மணல், எத்தனை லோடு என்று இன்றும் கணக்கு நோட்டில் இருக்கிறது. மண்ணும் நீரும்கூட ஓரறிவுயிர் என்று சிறுவயதிலேயே மனப்பாடம் செய்தவன் நான். ராத்திரி சாப்பிடாமல் பூச்சியைக் காப்பாற்றினேன். ஒரு நதியின் உடம்பை விலை பேசியபோது அந்தப் பாடம் ஞாபகத்துக்கு வரவில்லை. அந்த வீட்டில் ஆண்டுக்குப் பத்து நாள்கூட யாரும் தங்குவதில்லை.

முடிவாக

வெளியே நடக்கும் வழிபாடு இயற்கையோடு மனிதனை இணைக்கிறது என்று பொதுவாகச் சொல்கிறோம். வரலாற்றைப் பார்த்தால் இணைப்பு பாட்டினால் மட்டும் வந்ததல்ல. வியென் நகரத்தார் வயல்வெளியில் நடந்தார்கள். வெஸ்லி காற்றுக்கு ஒதுங்கினார். மாராமண்காரர்கள் ஆறு வடியும்வரை காத்திருந்தார்கள். நிலம் சொன்னதைக் கேட்டு நடந்ததனால்தான் அந்த உறவு நிலைத்தது. கோயில் பழுதானால் நிதி திரட்டிப் புதுப்பிக்கலாம். மணல்திட்டு போய்விட்டால் எந்த நன்கொடையாலும் அதைக் கட்ட முடியாது. மலை உடைந்து, உருண்டு, பொடிந்து வர எத்தனையோ தலைமுறை ஆகும்.

அச்சாயன் இப்போது இல்லை. பேரனிடம்தான் மிளகு வாங்குகிறேன். பிப்ரவரி இரண்டாம் வாரத்தில் லோடு கேட்பதில்லை.

இந்த மலரைப் படிக்கும் நாம் எல்லோருமே ஊரைவிட்டு வந்தவர்கள். ஊரில் ஒரு வீடு வேண்டும் என்ற ஆசை எல்லோருக்கும் உண்டு, அது தப்பில்லை. அந்த வீட்டுக்கு மணல் எந்த ஆற்றிலிருந்து வருகிறது, அந்த ஆற்றங்கரையில் யார் கூடுகிறார்கள், எந்த மாதத்தில் கூடுகிறார்கள் என்று கொத்தனாரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் பணம் அனுப்புவோம். நான் கேட்கத் தவறியதை நீங்களாவது கேட்க வேண்டும் என்பதற்காகவே இதை எழுதினேன்.