பூவா தலையா போட்டுப் பார்த்த மாத்திரை



மூன்று வாரமாக நான் இங்கே எதுவும் எழுதவில்லை. "டீச்சர், உடம்புக்கு என்ன?" என்று சிலர் கேட்டிருந்தீர்கள். எனக்கு ஒன்றுமில்லை. அண்ணனுக்கு முடியாமல் போய், ஆஸ்பத்திரியும் வீடுமாக அலைந்துகொண்டிருந்தேன். இப்போது தேறிவிட்டார். ஆனால் அவர் படுத்ததில் என் தவறும் இருக்கிறது. அதைச் சொல்லி, அதற்குப் பின்னால் இருக்கும் ஒரு வரலாற்றையும் சொல்லலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். கொஞ்சம் நீளம்தான். பொறுமையாகப் படியுங்கள்.

போன வருடம் நம் குடும்பக் குழுவில் ஒரு செய்தி சுற்றியது. அறுபது தாண்டியவர்கள் தினம் ஒரு ஆஸ்பிரின் போட்டால் மாரடைப்பே வராது என்று. அண்ணனுக்கு வயது 72. இதய நோய் எதுவும் கிடையாது. எனக்குப் போன் போட்டு, "ஏம்மா, நீதான் படிச்சவ. இது சரியா?" என்று கேட்டார். எப்போதோ பேப்பரில் படித்த ஞாபகத்தில், "சரிதாண்ணா, பெரிய பெரிய டாக்டருங்க சொன்னதுதான்" என்றேன். டீச்சர் சொன்னால் சரியாக இருக்கும் என்று அன்றிலிருந்து போட ஆரம்பித்துவிட்டார்.

போன மாதம் மலம் தார் மாதிரி கறுப்பாகப் போயிருக்கிறது. வெளியே சொல்லவில்லை. ஒருநாள் காலையில் மயங்கி விழுந்தார். வயிற்றில் ரத்தக்கசிவு. இரண்டு பாட்டில் ரத்தம் ஏற்றினார்கள். "யார் சொல்லி ஆஸ்பிரின் போட்டீங்க?" என்று டாக்டர் கேட்டபோது நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். "நானாத்தான் போட்டேன்" என்றார் அண்ணன். என்னை அவர் காட்டிக்கொடுக்கவில்லை.

அவர் பேத்தி மருத்துவம் படிக்கிறாள். "எனக்குப் புரிகிற மாதிரி ஏதாவது கொண்டுவா" என்றேன். ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து படித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்தில் கிளெண்டேல் என்ற ஊர். அங்கே லாரன்ஸ் கிரேவன் என்று ஒரு டாக்டர். தொண்டைச் சதை அறுவைக்குப் பின் வலிக்காக ஆஸ்பிரின் கலந்த கம் மெல்லக் கொடுத்தார். நிறைய மென்றவர்களுக்கு ரத்தம் நிற்காமல் கசிவதைக் கவனித்தார். ரத்தக்குழாயில் ரத்தம் உறைந்து அடைப்பதால் மாரடைப்பு வருகிறது என்றால், உறையவிடாமல் செய்யும் இந்த மாத்திரை அதைத் தடுக்குமே என்று யோசித்தார். நல்ல யோசனை. கிட்டத்தட்ட 8,000 பேருக்குக் கொடுத்துவிட்டு, ஒருவருக்கும் மாரடைப்பு வரவில்லை என்று 1956இல் எழுதினார். மருத்துவ உலகம் அவரைப் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. 1957இல் அவரே மாரடைப்பில் இறந்தார்.

அவர் கண்ணால் பார்த்ததை ஏன் நம்பவில்லை? ஒரு வகுப்பறை உதாரணம் சொல்கிறேன். டியூஷன் போகும் பிள்ளைகள் அதிக மார்க் வாங்குகிறார்கள். அது டியூஷனால்தானா? டியூஷன் போகிற பிள்ளைக்கு வீட்டில் வசதி இருக்கிறது, படித்த அப்பா அம்மா இருக்கிறார்கள், மூன்று வேளை சாப்பாடு இருக்கிறது. எது மார்க் வாங்கிக் கொடுத்தது என்று எப்படிப் பிரிப்பீர்கள்? ஒரே வழிதான். எல்லாப் பிள்ளைகளுக்கும் பூவா தலையா போட வேண்டும். பூ விழுந்தால் டியூஷன், தலை விழுந்தால் இல்லை. அப்போது வசதியும் வறுமையும் இரண்டு பக்கமும் ஏறக்குறையச் சமமாகப் பிரிந்துவிடும். மிஞ்சுகிற வித்தியாசம் டியூஷனுடையது. கிரேவனிடம் மாத்திரை போடாத இன்னொரு வரிசை இல்லை. ஒப்பிட ஆள் இல்லை.

அந்த இரண்டு வரிசையை வேல்ஸ் நாட்டில் பீட்டர் எல்வுட், ஆர்ச்சி காக்ரேன் முதலானோர் வைத்துப் பார்த்தார்கள். ஏற்கெனவே மாரடைப்பு வந்த 1,239 ஆண்களைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பாதிக்கு ஆஸ்பிரின், மறு பாதிக்குப் பார்க்க அதே மாதிரி இருக்கும் வெற்று மாத்திரை. 1974இல் முடிவு வந்தது. ஆஸ்பிரின் வரிசையில் சாவு குறைவு. ஆனால் அது தற்செயலாகவும் இருக்கலாம் என்று அவர்களே சொல்லிவிட்டார்கள். 1980இல் அமெரிக்காவில் 4,500 பேருக்கு மேல் வைத்து நடந்த ஆய்வில் பலனே தெரியவில்லை. ஒரே குழப்பம்.

ஏன் குழப்பம்? காசைப் பத்து முறை சுண்டினால் ஏழு முறை பூ விழலாம். யாரும் ஆச்சரியப்பட மாட்டோம். ஆயிரம் முறை சுண்டி எழுநூறு முறை பூ விழுந்தால் காசில் ஏதோ கோளாறு என்போம். மருந்தின் பலன் சிறியதாக இருந்தால், அதைத் தற்செயலிலிருந்து பிரித்தெடுக்கப் பல்லாயிரம் பேர் வேண்டும். இதை 1984இல் ஒரு கட்டுரையில் வலியுறுத்தியவர்கள் சலீம் யூசுப், ரோரி காலின்ஸ், ரிச்சர்ட் பீட்டோ என்ற மூவர். இதில் சலீம் யூசுப் நம் பக்கத்துக்காரர். கேரளத்தில் பிறந்து, பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியில் படித்து, உதவித்தொகையில் ஆக்ஸ்போர்டு போனவர்.

ஆக்ஸ்போர்டிலிருந்துதான் ஐசிஸ்-2 என்ற பெரிய ஆய்வு நடந்தது. (இந்தப் பெயரைப் பார்த்து வேறெதையும் நினைக்காதீர்கள். இது அதற்கெல்லாம் முந்தியது.) 417 ஆஸ்பத்திரிகள், 17,187 நோயாளிகள். மாரடைப்பு என்று சந்தேகப்பட்டு வந்தவர்களில் யாருக்கு எந்த மருந்து என்பதை டாக்டர் முடிவு செய்யவில்லை, குலுக்கல் முடிவு செய்தது. சிலருக்கு ஒரு மாதம் ஆஸ்பிரின். சிலருக்கு ரத்த உறைவைக் கரைக்கும் ஸ்ட்ரெப்டோகைனேஸ் ஊசி. சிலருக்கு இரண்டும். சிலருக்கு இரண்டும் இல்லை, வெற்று மருந்துதான்.

1988 ஆகஸ்டில் முடிவு வந்தது. ஐந்து வாரத்துக்குள் இதய, ரத்தக்குழாய்க் காரணங்களால் இறந்தவர்கள்: ஆஸ்பிரின் பெற்ற 8,587 பேரில் 804 பேர். பெறாத 8,600 பேரில் 1,016 பேர். மாத்திரையும் ஊசியும் சேர்த்துப் பெற்றவர்களில் நூற்றுக்கு 8 பேர் இறந்தார்கள். இரண்டுமே பெறாதவர்களில் நூற்றுக்கு 13 பேர். சில காசு விலையுள்ள ஒரு மாத்திரை இத்தனை உயிரைக் காப்பாற்றியது.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. நோயாளிகளை இன்னும் பல பிரிவுகளாகப் பிரித்து முடிவைக் காட்டும்படி பத்திரிகை ஆசிரியர்கள் கேட்டார்களாம். ஆய்வாளர்கள் ராசி வாரியாகவும் பிரித்துக் காட்டினார்கள், பிறந்த தேதியை வைத்துச் சொல்லும் மேல்நாட்டு ராசி. மிதுனத்துக்கும் துலாத்துக்கும் ஆஸ்பிரின் பலிக்கவில்லை, மற்ற ராசிக்கெல்லாம் நன்றாகப் பலித்தது என்று வந்தது! சோதிடத்தை நிரூபிக்க அவர்கள் இதைச் செய்யவில்லை. பெரிய கூட்டத்தைத் துண்டு துண்டாக நறுக்கிப் பார்த்தால் தற்செயல் எப்படியெல்லாம் வேஷம் போடும் என்று காட்டவே செய்தார்கள்.

அதே காலகட்டத்தில் இன்னொரு செய்தி. ஆர்வர்டைச் சேர்ந்த சார்லஸ் ஹென்னெக்கன்ஸ் குழு 22,071 அமெரிக்க ஆண் டாக்டர்களையே ஆய்வில் சேர்த்தது. அவர்களுக்கு மாரடைப்பு வந்ததில்லை. ஒருநாள் விட்டு ஒருநாள் ஆஸ்பிரின் போட்ட வரிசையில் முதல் மாரடைப்பு 44 சதவீதம் குறைந்தது. உலகப் பத்திரிகை எல்லாம் எழுதின. நான் படித்து ஞாபகம் வைத்திருந்தது இந்தச் செய்தியின் எதிரொலிதான். ஆனால் இதய நோயால் வந்த மொத்தச் சாவு அந்த ஆய்வில் தெளிவாகக் குறையவில்லை என்பது என் காதில் விழவே இல்லை.

என் அறிவு அங்கேயே நின்றுவிட்டது. ஆய்வுகள் நிற்கவில்லை. ஆஸ்திரேலியாவிலும் அமெரிக்காவிலும் 19,114 முதியவர்களைச் சேர்த்தார்கள். பெரும்பாலும் 70 வயதைத் தாண்டியவர்கள், இதய நோய் இல்லாதவர்கள். சரியாக என் அண்ணன் மாதிரி ஆட்கள். ஆஸ்ப்ரீ என்பது அந்த ஆய்வின் பெயர். 2018இல் முடிவு வெளியானது. சுமார் ஐந்து வருடம் தினம் 100 மில்லிகிராம் போட்டும் மாரடைப்பு, பக்கவாதத்தில் குறிப்பிடும்படி வித்தியாசம் இல்லை. பெரிய ரத்தக்கசிவு மட்டும் கூடியது. வெற்று மாத்திரை வரிசையில் 265 பேருக்கு, ஆஸ்பிரின் வரிசையில் 361 பேருக்கு. அந்தக் கூடுதல் ஆட்களின் கதை எனக்கு அண்ணன் கட்டிலருகே நின்றபோது புரிந்தது.

2022இல் அமெரிக்க நிபுணர் குழு, இதய நோய் இல்லாத, 60 வயதும் அதற்கு மேலும் ஆனவர்கள் இதைத் தடுப்புக்காகப் புதிதாக ஆரம்பிக்க வேண்டாம் என்றே சொல்லிவிட்டது.

மாத்திரை ஒன்றுதான். வேலையும் ஒன்றுதான், ரத்தத் தட்டணுக்களை ஒட்டவிடாமல் செய்வது. மாரடைப்பு வந்தவருக்கு அது உயிர் காக்கிறது. நோயில்லாத முதியவருக்கு அதே வேலை வயிற்றில் ரத்தத்தைக் கசியவிடுகிறது. "ஆஸ்பிரின் நல்லதா?" என்ற கேள்வியே அரைகுறை. யாருக்கு, எந்த வயதில், எதற்காக என்று சேர்த்துக் கேட்டால்தான் பதில் கிடைக்கும்.

ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். ஏற்கெனவே மாரடைப்பு வந்தவர்கள், ஸ்டென்ட் வைத்தவர்கள், பைபாஸ் செய்தவர்கள் இதைப் படித்துவிட்டு மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். உங்களுக்கு அது அவசியம் என்பதும் இதே மாதிரி ஆய்வுகள் சொன்னதுதான். எதுவானாலும் உங்கள் டாக்டரைக் கேளுங்கள். குடும்பக் குழுவைக் கேட்காதீர்கள். என்னையும் கேட்காதீர்கள்.

இந்த ஆய்வுகளை நடத்தியவர்கள் பெரிய படிப்பாளிகள். ஆனாலும் "எங்களுக்குத் தெரியவில்லை, குலுக்கிப் பார்ப்போம்" என்று முதலில் ஒத்துக்கொண்டார்கள். நானோ தெரியாததைத் தெரிந்த மாதிரி அரை நிமிடத்தில் போனில் சொல்லிவிட்டேன். முப்பது வருடத்துக்கு மேல் பாடம் நடத்தியவள். "தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லு, அடிக்க மாட்டேன்" என்று உங்களிடம் எத்தனை தடவை சொல்லியிருப்பேன்.

அண்ணன் மெதுவாக எழுத்துக்கூட்டியாவது இதைப் படிப்பார். அண்ணா, டாக்டர் கேட்டபோது நான் வாய் திறந்திருக்க வேண்டும். இப்போது எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டேன். உங்களைப் போடச் சொன்னவள் நான்தான்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்