இது இன்ன மெட்டு

சென்ற ஆண்டு மீலாத் விழாவுக்கென்று எமது பாடசாலை மாணவர் நால்வர் ஒரு பாட்டை இயற்றிக்கொண்டு வந்தார்கள். சொற்கள் அவர்களுடையவை. நபிகளாரின் பொறுமையைப் பாடியிருந்தார்கள். யாப்பிலே சில இடறல்கள் இருந்தாலும் கருத்திலே பிழையில்லை. மெட்டுத்தான் சிக்கல். திரைப்பட நாயகன் ஒருவன் துப்பாக்கியோடு புகைநடுவே நடந்துவரும்போது ஒலிக்கின்ற மெட்டு அது. ஒத்திகையைக் கேட்டுக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் பாதியிலேயே எழுந்து போய்விட்டார். "இந்த மெட்டுப் போட்டாத்தான் சேர் எல்லாரும் திரும்பிப் பாப்பாங்க" என்றான் பாட்டெழுதிய பையன்.

அவன் சொன்னது பொய்யல்ல. உலகத்தின் பெரிய படக் கம்பனிகளும் இதே காரணத்தைத்தான் சொல்கின்றன. 1978இல் வெளிவந்த 'சுப்பர்மேன்' படத்துக்கு ஜோன் வில்லியம்ஸ் அமைத்த முகப்பிசை அந்த நாயகனின் இன்னொரு பெயராகவே ஆகிவிட்டது. 2006இல் வந்த படம் அதை அப்படியே எடுத்தாண்டது. 2013இல் கதையை முதலிலிருந்து புதிதாகச் சொல்லப் புறப்பட்டவர்கள் அதனைக் கைவிட்டு ஹான்ஸ் சிம்மரிடம் புது இசை கேட்டு வாங்கினார்கள். 2025இல் மறுபடியும் புதிதாகத் தொடங்கியபோது வில்லியம்ஸின் மெட்டு உருமாறித் திரும்பி வந்தது. நாயகனின் முகம் மாறலாம், மெட்டு மாறலாமா என்று இரசிகர்கள் இன்னும் வாதிட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

தமிழுக்கு இது புதிதல்ல. 1978ஆம் ஆண்டின் ஹிந்தி 'டொன்' 1980இல் ரஜினிகாந்தின் 'பில்லா'வாக வந்தது; இசை எம். எஸ். விஸ்வநாதன். 2007இல் அஜித்குமார் அதே பில்லாவாக வந்தபோது யுவன் சங்கர் ராஜா பழைய பாட்டுகள் இரண்டைப் புதுக்கருவிகளோடு மீளத் தந்தார். கூடவே, தாமாக ஒரு முகப்பிசையும் அமைத்தார். என் காதிலே தங்கிப்போனது அந்தப் புது முகப்பிசைதான். மீளப் பாடப்பட்டவை பழைய படத்தை நினைவூட்டியதற்கு மேல் ஒன்றும் செய்யவில்லை என்றே எனக்குப் படுகிறது. 1992இல் 'அண்ணாமலை'க்காகத் தேவா அமைத்த ரஜினியின் பெயர்-எழுத்து இசை வேறு வகை. அது கதைக்குரியதன்று, நடிகருக்குரியது. ஆகவே பின்வந்த படங்களில் ஒலித்தபோதும் உறுத்தவில்லை.

இவ்விடயத்தில் நான் மெச்சுகின்ற படம் 2006இன் 'கசினோ றோயல்'. புதிய ஜேம்ஸ் பொண்ட் வருகிறார். 1962 முதல் உலகமே அறிந்த அந்த மெட்டை இசையமைப்பாளர் டேவிட் ஆர்னோல்ட் படம் முழுக்க ஒளித்துவைக்கிறார். ஆங்காங்கே ஒரு நிழல் மட்டும் தெரியும். கடைசிக் காட்சியில் நாயகன் தன் பெயரைச் சொல்லும்போதுதான் மெட்டு முழுதாக ஒலிக்கிறது. அதுவரை அவன் அதற்குத் தகுதி பெறவில்லை என்பது பொருள். பழைய மெட்டு இங்கே அலங்காரமாக வரவில்லை, ஒரு செய்தியைச் சொல்ல வருகிறது.

பழைய மெட்டைக்கொண்டு செய்தி சொல்லும் இந்த வித்தையைச் சினிமா வேரூன்றுமுன்னரே தமிழிலே செய்து காட்டியவர் பாரதியார். கோபாலகிருஷ்ண பாரதியின் நந்தனார் சரித்திரக் கீர்த்தனைகள் தமிழ்நாட்டில் ஊரறிந்தவையாயிருந்த காலம். சிதம்பரம் போக ஆசைப்பட்ட நந்தனை அவனுடைய ஆண்டையாகிய வேதியர் இழிவுபடுத்தி அதட்டுகின்ற பாட்டொன்று அதிலே உண்டு. சுயராச்சியம் கேட்ட இந்தியனைப் பார்த்து ஆங்கில அதிகாரி பேசுவதாகப் பாரதி எழுதிய பாட்டை அந்த அதட்டலின் மெட்டிலேயே அமைத்தார். கேட்டவனுக்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை. வெள்ளையன் ஆண்டையானான், நாடு நந்தனாயிற்று. அதற்குள்ளே இன்னொரு குத்தலும் இருந்தது: இன்று உன்னை அதட்டுபவனின் குரலிலேதானே நேற்று நீ நந்தனை அதட்டினாய் என்பது. திலகரைக் குறைகூறிய நிதானக் கட்சியாரைப் பாடவைத்தபோதும் நந்தன் சரித்திர மெட்டுக்கே போனார். இவ்வளவும் செய்துவிட்டு, பாட்டின் தலைப்பிலே இது இன்ன பாட்டின் வர்ணமெட்டு என்று அச்சிடவும் செய்தார்.

அந்தத் தலைப்பு வரியை எமது மூத்த வாசகர்கள் நன்கறிவர். பழைய பாட்டுப் புத்தகங்களைப் புரட்டினால், சிந்தாயினும் கும்மியாயினும் கீர்த்தனையாயினும், முஸ்லிம் புலவர் பாடியதாயினும் கிறிஸ்தவர் பாடியதாயினும், மேலே சிறிய எழுத்தில் இன்ன மெட்டு என்றிருக்கும். இசைக்குறியீடு தெரியாத வாசகனுக்கு அது வழிகாட்டி. அத்தோடு ஒரு கடன் சீட்டுமாகும்.

காயல்பட்டினம் காசிம் புலவரின் திருப்புகழை இந்த வரிசையில் வைத்துப் பார்க்க வேண்டும். அருணகிரிநாதர் முருகன்மேற் பாடிய திருப்புகழின் துள்ளல் சந்தத்தை எடுத்துக்கொண்டு நபிகள் நாயகத்தின் புகழைப் பாடியவர் அவர். பெயரையும் அவர் மாற்றவில்லை. திருப்புகழ் என்றே வைத்தார். ஒளிப்பதற்கு அவரிடம் எதுவுமில்லை. கேட்பவனின் செவியில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் சந்தத்துள் அறபுச் சொற்கள் எவ்வளவு இயல்பாகப் பொருந்துகின்றன என்று காட்டுவதே அவரது பெருமையாயிற்று. எமது யாழ்ப்பாணத்து அசனாலெப்பைப் புலவரும் 'நவரத்தினத் திருப்புகழ்' பாடினார். நல்லூர்க் கந்தன் திருவிழாவின் ஒலி எட்டுகின்ற ஊரிலே வாழ்ந்த முஸ்லிம் புலவர் ஒருவர் அந்தச் சந்தத்தைக் கையிலெடுத்தார் என்பதை வெறும் இலக்கியப் பயிற்சியாக மட்டும் என்னால் நினைக்க முடியவில்லை. இந்த ஊரின் செவி எனக்கும் உரியது என்று சொல்லாமற் சொன்னதாகவே தோன்றுகிறது.

இவ்விடத்தில் என் கதையையும் சிறிது சொல்ல வேண்டியிருக்கிறது. 1990 ஒக்ரோபரில் வடக்கு முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது நான் சிறுவன். புத்தளத்து ஓலைக் கொட்டிலில் எங்களிடம் புத்தகமில்லை. பக்கத்துக் கொட்டிலில் ஒரு கசெட் பெட்டி இருந்தது. நாகூர் ஈ. எம். ஹனிபாவின் குரல் அதிலே தேயத் தேயப் பாடியது. அக்காலத்துக் கசெட்டுகளில் பிற பாடகர்களின் இஸ்லாமியப் பாட்டுகள் சில சினிமா மெட்டிலே வரும். முதலடி தொடங்கியதும் சிறுவர் நாங்கள் படப்பாட்டின் சொற்களைப் பாடிச் சிரிப்போம். உம்மா அதட்டுவார். எழுந்துபோன அந்தப் பெரியவரின் மனத்தாங்கல் எனக்கு விளங்குவது இதனாலேதான். மெட்டு வெறும் பாத்திரமன்று. முன்பு சமைத்ததன் வாசனை அதிலே நிற்கும். பாரதி அந்த வாசனையையே கறியாக்கினார். கசெட்டுக்காரரோ அது இல்லையென்று நடித்தார்.

மெட்டை மாற்றினாலும் காயம் உண்டாகும் என்பதை 2023இல் கண்டோம். 'பிப்பா' என்ற ஹிந்திப் படத்துக்காக ஏ. ஆர். ரஹ்மான், காசி நஸ்ருல் இஸ்லாமின் புகழ்பெற்ற சிறைப் பாடல் ஒன்றுக்குப் புதுமெட்டு அமைத்தார். சொற்கள் நஸ்ருலுடையவையே. எனினும் மேற்கு வங்காளத்திலும் பங்களாதேசத்திலும் எதிர்ப்பு எழுந்தது. கவிஞரின் குடும்பத்தாரும் வருந்தினர். படத்தயாரிப்பாளர் மன்னிப்புக் கேட்க நேர்ந்தது. ரஹ்மான் திறமைக் குறைவாக எதையும் செய்துவிட்டார் என்பதல்ல. வெள்ளையனின் சிறைக்கதவை உடைக்கச் சொன்ன பாட்டு அந்த மக்களுக்கு அந்த மெட்டாகவேதான் இருந்தது. மாற்றுவதற்குமுன் யாரிடம் கேட்பது என்ற கேள்விக்குச் சட்டம் ஒரு விடை தரும். வங்காளத்து வீதி வேறு விடை தந்தது.

தமிழ்ச் சினிமாவிலும் இக்கணக்கு நீதிமன்றம் ஏறியிருக்கிறது. லோகேஷ் கனகராஜின் 'கைதி'யிலும் 'விக்ரம்' படத்திலும் தொண்ணூறுகளின் பாட்டுகள் சண்டைக்காட்சிகளுக்குத் துணையாகி இளைஞரைக் கவர்ந்தபின், பழைய பாட்டை இடைச்செருகுவது ஒரு வழக்கமாகிவிட்டது. 2025இல் அஜித்தின் 'குட் பேட் அக்லி' படத்திலே இளையராஜாவின் பாட்டுகள் மூன்று வந்தன. அவற்றிலொன்று 1986ஆம் ஆண்டின் பழைய 'விக்ரம்' படத்துக்குரியது. தம்மிடம் அனுமதி பெறவில்லை என்று அவர் வழக்குத் தொடர்ந்தார். உரிமை வைத்திருந்த நிறுவனங்களிடம் பெற்றுவிட்டோம் என்றனர் தயாரிப்பாளர். அவ்வாண்டு செப்டெம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. உரிமை யாருடையது என்பதை நீதிபதிகள் பார்த்துக்கொள்ளட்டும். எனக்கு உறுத்துவது வேறு: அந்தப் பாட்டுகளைப் புதிய காட்சியில் வைத்ததனால் புதிய பொருள் ஏதேனும் பிறந்ததா? திரையரங்கில் விசிலடிக்க ஒரு தருணம் கிடைத்தது, அவ்வளவே. எழுதிய கைக்கு மேலே ஒரு வரியிலேனும் மரியாதை செய்திருந்தால் இளையராஜா வழக்குக்குப் போயிருக்கமாட்டார் என்று நான் சொல்ல வரவில்லை. கேட்கின்ற நமக்காவது அது ஆறுதலாயிருந்திருக்கும்.

மாணவரிடம் இவ்வளவையும் நான் சொல்லவில்லை. பாரதியின் பாட்டையும் நந்தனின் பாட்டையும் அடுத்தடுத்துப் பாடிக் காட்டினேன். என் குரல் அதற்கு ஏற்றதல்ல. பின்வாங்கிலிருந்து சிரிப்பு வந்தது. துப்பாக்கி மெட்டுக்கும் பொறுமைக்கும் என்ன உறவு என்று மட்டும் கேட்டேன். இரண்டு நாள் கழித்துப் பையன் வேறு மெட்டோடு வந்தான். அவனுடைய பாட்டி தாலாட்டுக்குப் பாடுவதாம். விழாவன்று மேடையேறியதும் ஒலிவாங்கியைப் பிடித்து, "இது எங்கட மூத்தம்மாட தாலாட்டு மெட்டு" என்று சொல்லிவிட்டுத்தான் பாடத் தொடங்கினான். பெண்கள் பக்கத்திலே திரைக்குப் பின்னால் யாரோ கூடவே முணுமுணுப்பது கேட்டது.