பிரேஸ்கேடில் வழக்கும் தேசாதிபதியின் ஆணையும்

1937 ஏப்ரில் 22 ஆம் திகதி தேசாதிபதி ஸ்ரப்ஸின் ஆணையொன்று பிரேஸ்கேடில் என்னும் இளம் வெள்ளையரிடம் கையளிக்கப்பட்டது. இரண்டு நாட்களுள் அவர் இலங்கையை விட்டகல வேண்டுமென அது பணித்தது. தேயிலைத் தொழில் பயில அவுஸ்திரேலியாவிலிருந்து மடுல்கலைக்கு வந்த அவர், லங்கா சமசமாஜக் கட்சியிற் சேர்ந்து தோட்டத் தொழிலாளர் மத்தியிற் பேசியமையே குற்றமாயிற்று. தலைமறைவான அவர் மே 5 இல் காலிமுகத்திடல் மேடையில் தோன்றினார். சில நாட்களிற் கைதானார்.

ஆணையிலே தேசாதிபதியின் ஒப்பம் இருந்தது. ஒப்பமிட்ட காகிதமெல்லாம் சட்ட அதிகாரமாகுமா என்பதே ஆட்கொணர்வு மனுவின் வழி உயர் நீதிமன்றின் முன் எழுந்த வினா. பிரித்தானிய முடியின் 1896 ஆம் ஆண்டுக் கட்டளையை அரச தரப்பு ஆதாரமாகக் காட்டியது; தேசாதிபதியின் முடிவை நீதிமன்றம் ஆராயலாகாது எனவும் வாதிட்டது. பிரேஸ்கேடிலுக்காக எச். வி. பெரேரா தோன்றினார். அவ்வதிகாரம் போர் போன்ற நெருக்கடிக்கே உரியது; நாட்டில் அத்தகைய நெருக்கடி எதுவுமில்லை; எனவே கைது சட்டவிரோதமானது எனப் பிரதம நீதியரசர் ஏபிரகாம்ஸ் தலைமையிலான மூவர் மே 18 இல் தீர்ப்பளித்தனர். தேசாதிபதியின் நிருவாகம் தன் நீதிமன்றிலேயே தோற்றமை அக்காலத்திற் சிறு செய்தியன்று.

ஆயினும் தோட்டத் தொழிலாளியின் நிலை வேறு. ஒப்பந்தத்தை மீறித் தோட்டத்தை விட்டு நீங்கியவனைச் சிறையிலிட 1865 ஆம் ஆண்டுச் சட்டமே இடமளித்தது; 1920களின் தொடக்கம் வரை அந்நிலை நீடித்தது. அவன் கைது சட்டப்படியே நிகழ்ந்தது. ஆதலால் அவனுக்கு இத்தகைய மனுவாற் பயனிருந்திராது.

பிரேஸ்கேடில் அவ்வாண்டின் பிற்பகுதியில் தாமாகவே இலங்கையை விட்டுச் சென்றார்.