உவப்பில்லாதவர்க்கும் உரிய பங்கு: லிம் இயூ ஹாக்கின் ஆட்சிக்காலத்தை முன்வைத்து ஒரு நோக்கு

அரசியல் வரலாற்றைப் பயில்வோர் எளிதிற் கடக்கவியலாத தடை ஒன்றுண்டு. நமக்கு உவப்பானவர் ஆற்றிய பணியை நாம் அவர்தம் திறமைக்குச் சான்றாகக் கொள்கிறோம். உவப்பில்லாதவர் ஆற்றியதைக் காலத்தின் விளைவு என்றோ பிறர் தந்த நெருக்குதல் என்றோ கூறி ஒதுக்குகிறோம். இவ்வழக்கம் தேர்தல் மேடைக்குப் பயன்படலாம்; வரலாற்றுக்குப் பயன்படாது. சிங்கப்பூரின் இரண்டாம் முதலமைச்சராக 1956 முதல் 1959 வரை பொறுப்பு வகித்த லிம் இயூ ஹாக்கின் ஆட்சிக்காலத்தை முன்வைத்து இச்சிக்கலை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

லிம் இயூ ஹாக்கை இன்று உரிமை கொண்டாடுவார் அரியர். மக்கள் செயல் கட்சியின் வரலாறு 1959ஆம் ஆண்டு வெற்றியை விடியலாகக் காட்டுவதால், அதற்கு முந்திய ஆட்சி இருளாகவே எஞ்சுகிறது. இடதுசாரிகளின் நினைவிலோ அவர் தோழர்களைச் சிறைப்படுத்தியவர். நேர் எதிரான இரு தரப்பினரும் ஒருவரைப் பற்றி ஒரே முடிவுக்கு வரும்போது அம்முடிவை ஐயமின்றி ஏற்றுக்கொள்ளத் தோன்றும். ஆயின், அத்தகைய இடத்திலேதான் ஆய்வாளர் சற்று நின்று நோக்குதல் வேண்டும்.

முதலில் குற்றச்சாட்டைக் குறைக்காது கூறுவோம். எழுத்தராகத் தொடங்கித் தொழிற்சங்கத் தலைவராக உயர்ந்தவர் லிம். 1956 ஜூனில் டேவிட் மார்ஷல் பதவி துறந்தபின் முதலமைச்சரானார். அவ்வாண்டு செப்டம்பரில் சீன நடுநிலைப் பள்ளி மாணவர் சங்கத்தை அவருடைய அரசு கலைத்தது. அக்டோபரில் மாணவர்களைப் பள்ளி வளாகங்களிலிருந்து காவல்துறை வெளியேற்றியதை ஒட்டிக் கலவரம் மூண்டது. 13 பேர் உயிரிழந்தனர். விசாரணையின்றித் தடுத்து வைக்கப்பட்டோருள் லிம் சின் சியோங், போங் சுவீ சுவான் ஆகியோருடன் தேவன் நாயர், ஜேம்ஸ் புதுச்சேரி, உட்ஹல் ஆகிய இந்தியத் தொழிற்சங்கவாதிகளும் இருந்தனர். ஆகவே, இந்தியத் தொழிலாளர் இயக்கத்தை மதிக்கும் நமக்கும் இவ்வாட்சியின்மீது மனக்கசப்பு இருப்பது இயல்பேயாகும். இதனோடு, அவருடைய கல்வியமைச்சர் சியூ சுவீ கீ வெளிநாட்டுப் பணம் பெற்ற விவகாரம் 1959இல் வெளிப்பட்டு அக்கட்சியின் பெயரை மேலும் கெடுத்தது.

இனி, அதே ஆட்சியின் மறுபக்கத்தை நோக்குவோம். 1956இல் மார்ஷல் தலைமையில் இலண்டன் சென்ற 13 பேர் கொண்ட குழு உள்நாட்டுப் பாதுகாப்பு யார் கையில் இருப்பது என்னும் வினாவில் உடன்பாடு காணாமல் திரும்பியது. 1957 மார்ச்சில் லிம் தலைமையில் ஐவர் குழு மீண்டும் சென்றது. பிரிட்டனுக்கு மூவர், சிங்கப்பூருக்கு மூவர், மலாயாக் கூட்டரசுக்கு ஒருவர் என அமையும் உள்நாட்டுப் பாதுகாப்பு மன்றம் ஒன்றினை ஏற்று உடன்பாடு கண்டது. 1959இல் மலர்ந்த தன்னாட்சியின் சட்ட அடித்தளம் இவ்வுடன்பாடேயாகும்.

1957ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டமும் அவ்வாறே. பத்தாண்டுகள் இங்கு வாழ்ந்து பற்றுறுதி கூற முன்வந்த அயல்நாட்டுப் பிறப்பினருக்கு அது வாயிலைத் திறந்தது. ஏறத்தாழ 2,20,000 சீனர் இதனால் பயன்பெறுவர் என அன்று கணிக்கப்பட்டது. தமிழர்களும் குடியுரிமை பெறவேண்டும் என்று தமிழ் முரசின்வழி கோ. சாரங்கபாணி இடையறாது வலியுறுத்தியதும் இக்காலச் சூழலோடு இணைத்து எண்ணத்தக்கது. சட்டம் வாயிலைத் திறந்தாலும் மக்களை அவ்வாயிலுக்கு அழைத்து வருவோரும் தேவைப்பட்டனர். மலாய், சீனம், தமிழ், ஆங்கிலம் ஆகிய நான்மொழிக் கல்வியையும் சமமாகப் பேணும் கொள்கை 1956ஆம் ஆண்டு வெள்ளை அறிக்கையில் வகுக்கப்பட்டு, 1957ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தின்வழி நடைமுறைக்கு வந்தது.

இவையனைத்தும் லிம் ஒருவரின் சாதனையா எனின், அன்று. நான்மொழிக் கொள்கையை உருவாக்கிய அனைத்துக் கட்சிக் குழு மார்ஷலின் காலத்தில் அமைந்தது. எதிர்க்கட்சியைச் சேர்ந்த லீ குவான் இயூவும் அதன் உறுப்பினர். 1957இல் இலண்டன் சென்ற ஐவருள்ளும் லீ ஒருவர். தொழிலாளரும் மாணவரும் தெருவில் இறங்கிப் போராடியிராவிடின் குடியேற்ற ஆட்சியாளர் பேச்சுக்கே இணங்கியிருப்பரா என்னும் வினாவும் எழுகிறது. எனவே, சிறைப்பட்டோருக்கும் இவ்வெற்றியில் பங்குண்டு. நடுநிலை என்பது புகழை ஒருவரிடமிருந்து பறித்து மற்றொருவருக்கு அளிப்பதன்று. அவரவர் பங்கினை அளந்து கூறுவதாகும்.

இவ்விடத்தில் நம்மை உறுத்தும் ஓர் உண்மையையும் மறைத்தல் கூடாது. மார்ஷலுக்கு மறுத்ததை லிம்முக்குப் பிரிட்டன் வழங்கியமைக்கு அவர் காட்டிய கடுமையும் ஒரு காரணம் எனக் கருத இடமுண்டு. நாம் கண்டிக்கும் செயலும் நாம் நுகரும் பயனும் ஒரே வேரில் கிளைத்தவையாக இருக்கக்கூடும். பயனை ஏற்பதால் செயல் நியாயமாகிவிடாது. செயலைக் கண்டிப்பதால் பயன் பிறருடையதாகியும் விடாது. இவ்விரண்டையும் ஒருசேரக் கூறுவதே வரலாற்றாசிரியரின் கடமை.

மக்களின் தீர்ப்பு வேறாக இருந்தது. 1959 மே 30ஆம் நாள் நடைபெற்ற தேர்தலில் 51 இடங்களுள் 43 இடங்களை மக்கள் செயல் கட்சி வென்றது. லிம்மின் சிங்கப்பூர் மக்கள் கூட்டணிக்கு நான்கு இடங்களே கிட்டின. தடுப்புக்காவலில் இருந்த தம் தோழர்கள் விடுவிக்கப்படாமல் பதவியேற்பதில்லை என லீ உறுதியாக நின்றார். ஜூன் 4ஆம் நாள் அவர்கள் விடுதலை பெற்றனர். ஆட்சியை இழந்தவர் பெற்றுத்தந்த அரசியலமைப்பின்கீழ், அவரால் சிறைப்பட்டோர் வெளிவந்தனர். அவர்களுள் ஒருவரான தேவன் நாயர் 1981இல் சிங்கப்பூரின் அதிபரானார்.

எதிரணியினரை மதித்தமைக்கு அந்நாட்டிலேயே சான்றில்லாமல் இல்லை. மக்கள் செயல் கட்சி அரசைப் பல்லாண்டுகள் கடுமையாகச் சாடிய மார்ஷலை அவ்வரசே 1978இல் பிரான்சு நாட்டுக்கான தூதராக அமர்த்தியது. கருத்து வேறுபாடு நீங்கியதால் அமைந்த நியமனமன்று அது. வேறுபாட்டுக்கு இடையிலும் தகுதியை ஒப்புக்கொண்டதால் அமைந்தது. லிம் இயூ ஹாக்குக்கு அத்தகைய மீள்பார்வை எளிதில் வாய்க்கவில்லை. மலேசியாவின் தூதராக ஆஸ்திரேலியாவில் பணியாற்றிய அவர், பின்னர் இசுலாம் தழுவி, 1984இல் சவூதி அரேபியாவில் காலமானார்.

அவரை நாம் விரும்ப வேண்டுவதில்லை. ஆயின், 1965ஆம் ஆண்டுச் சுதந்திரச் சட்டத்தில் தமிழ் ஆட்சிமொழிகளுள் ஒன்றாக இடம்பெற்றதை நாம் பெருமையுடன் எடுத்துரைக்கும்போது, அதற்கு முன்னே நான்மொழிச் சமன்மைக்கு வழி வகுத்தோரின் பெயர்களையும் கூறக் கடமைப்பட்டுள்ளோம். அப்பெயர்களுள் நமக்குப் பிடிக்காத பெயர் ஒன்று இருப்பின், அதனையும் மற்றவற்றோடு ஒத்த குரலிலேயே கூறுதல் வேண்டும். எதிரிக்கு உரியதை மறுக்கப் பழகிய சமுதாயம், நாளடைவில் தன் தலைவர்களைப் பற்றியும் உண்மை கூறும் ஆற்றலை இழந்துவிடும் என்பதே நம் கவலையாகும்.