துறை மூடல் (லினக்ஸ்)

துறை மூடல் என்பது, கணினியில் தேவையின்றித் திறந்திருக்கும் வலையமைப்புத் துறையை, அதாவது போர்ட்டை, வெளியிலிருந்து அணுக முடியாதபடி செய்வதாகும். டிசிபி, யுடிபி ஆகிய நெறிமுறைகள் ஒவ்வொன்றிலும் 0 முதல் 65535 வரை துறை எண்கள் உள்ளன. ஏதேனும் ஒரு நிரல் ஓர் எண்ணில் செவிமடுக்கும்பொழுதே அத்துறை திறந்ததாகும். ஆகவே, மூடுவதற்குரிய நேரான வழி அந்நிரலை நிறுத்துவதே.

கண்டறிதல்

செவிமடுக்கும் துறைகளையும் அவற்றுக்குரிய நிரல்களையும் எஸ்எஸ் என்னும் கட்டளை பட்டியலிடும் (முன்னர் நெட்ஸ்டாட் இதற்குப் பயன்பட்டது). எல்லா நிரல்களின் பெயர்களையும் காண ரூட் உரிமை வேண்டும். பட்டியலில் துறை எண்ணைவிட முகவரியே முதலில் கவனிக்கத்தக்கது. 127.0.0.1 என்றிருப்பின் அதே கணினியிலுள்ள நிரல்கள் மட்டுமே அணுக இயலும், மூட அவசரமில்லை. 0.0.0.0 என்றிருப்பின் எல்லா இடைமுகங்களிலும் திறந்துள்ளது என்று பொருள். வீட்டுத் திசைவி இணையத்திலிருந்து வரும் இணைப்புகளைப் பெரும்பாலும் தடுத்துவிடும். ஆயினும் அதே வைஃபையிலுள்ள பிற கருவிகளைத் தடுப்பதில்லை. மடிக்கணினியைக் கல்லூரி விடுதிக்கு எடுத்துச் சென்றால் வீட்டுத் திசைவியின் பாதுகாப்பும் இராது.

631 ஆம் துறை

கப்ஸ் என்னும் அச்சிடல் அமைப்பு டிசிபி 631 ஐ, வழக்கமாக 127.0.0.1 இல் மட்டும், பயன்படுத்துகிறது. ஆனால் அதன் துணை நிரலான கப்ஸ்-பிரௌஸ்ட், வலையமைப்பு அச்சுப்பொறிகளைத் தானாகக் கண்டறிவதற்காக யுடிபி 631 ஐ எல்லா இடைமுகங்களிலும் திறந்து வைத்திருந்தது. இதிலிருந்த வழுவை 2024 செப்டம்பர் 26 அன்று சிமோனே மார்கரிட்டெல்லி என்னும் பாதுகாப்பு ஆய்வாளர் வெளிப்படுத்தினார். அறிமுகமற்ற ஒருவர் அனுப்பும் ஒரேயொரு பொதியை நம்பி, அந்நிரல் அவருடைய வழங்கியைத் தொடர்புகொண்டு போலி அச்சுப்பொறியைச் சேர்த்துக்கொள்ளும். பயனர் அதில் அச்சிட்டால் தாக்குபவரின் கட்டளை கணினியில் இயங்கும். உபுண்டு போன்ற வழங்கல்களின் மேசைக்கணினிப் பதிப்புகளில் இது இயல்பாகவே நிறுவப்பட்டிருந்தது. அச்சுப்பொறியே இல்லாத வீடுகளிலும் இத்துறை திறந்தே கிடந்தது.

மூடும் முறை

சிஸ்டம்டி உள்ள வழங்கல்களில் சிஸ்டம்சிடிஎல் கட்டளை பயன்படுகிறது. அதன் ஸ்டாப், நிரலை அப்போதைக்கு மட்டும் நிறுத்தும். டிசேபிள், அடுத்த தொடக்கத்தில் தானாக இயங்காமல் செய்யும். இரண்டும் தேவை. புதியவர்கள் பெரிதும் குழம்புமிடம் சாக்கெட் அலகு ஆகும்: கப்ஸை நிறுத்திய பின்னரும் அதன் சாக்கெட் அலகு இயங்கினால், சிஸ்டம்டியே துறையைத் திறந்து வைத்திருந்து, கோரிக்கை வந்ததும் நிரலை மீண்டும் எழுப்பிவிடும். ஆகவே சாக்கெட் அலகையும் சேர்த்தே நிறுத்தவேண்டும்.

யுஎஃப்டபிள்யூ போன்ற தீயரண்கள் வெளியிலிருந்து வரும் பொதிகளைத் தடுக்கும். நிரல் உள்ளே இயங்கிக்கொண்டேயிருக்கும். எஸ்எஸ்எச் போல நமக்கு வேண்டிய, ஆனால் பிறருக்குத் திறக்கக்கூடாத துறைகளுக்கு இதுவே ஏற்றது. நிரலை நிறுத்தியிருந்தால், கணினியை மறுதொடக்கம் செய்த பின் எஸ்எஸ் கட்டளையை மீண்டும் இயக்கிப் பட்டியலில் அத்துறை இல்லை என்பதை உறுதிசெய்ய வேண்டும்.