‘காரணம் எதுவாயினும்’: வியட்நாமும் ஒரு பொறுப்பின் சொற்களும்

போர் ஓய்ந்தபின் ஒரு நாடு மற்றொரு நாட்டுக்கு என்ன செய்யக் கடமைப்பட்டுள்ளது என்ற வினாவை வரலாற்றாய்வுகள் பெரும்பாலும் தொகையைக் கொண்டே அளக்கின்றன. அத்தொகை எந்தச் சொல்லின்கீழ் பேசப்பட்டது என்பதையும் பார்க்க வேண்டும். மொழியியல் பயின்ற எனக்கு இது பழக்கதோஷமாகவும் இருக்கலாம். ஆயினும் வியட்நாம்போல் இதைத் தெளிவாகக் காட்டும் நேர்வுகள் சிலவே.

1973 ஜனவரி 27 அன்று பாரிஸில் கையெழுத்தான உடன்படிக்கையின் 21ஆம் பிரிவு, அமெரிக்கா தன் மரபான கொள்கைக்கு இணங்கப் போரின் காயங்களை ஆற்றுவதற்கும், வட வியட்நாமிலும் இந்தோசீனா முழுவதிலும் மறுகட்டமைப்புக்கும் பங்களிக்கும் என்கிறது. இழப்பீடு என்ற சொல் அதில் இல்லை. காயங்கள் உள்ளன, காயப்படுத்தியவர் இல்லை. ‘மரபான கொள்கை’ என்ற தொடர் இன்னும் நுட்பமானது. தரப்போவது குற்றத்திலிருந்து அன்று, ஈகைக் குணத்திலிருந்தே பிறக்கிறது என்பதை அது சொல்லாமல் சொல்லிவிடுகிறது. ஹனோயோ இதே பிரிவைத் தனக்குரியதைப் பெறும் உரிமையாக வாசித்தது.

ஐந்து நாள் கழித்து, பிப்ரவரி 1 அன்று, வட வியட்நாம் பிரதமர் பாம் வான் டோங்குக்கு நிக்சன் அனுப்பிய மடல், ஐந்தாண்டுகளில் ஏறத்தாழ 325 கோடி டாலர் மானியம் எனத் தொகையையும் குறித்தது. அரசியல் நிபந்தனை ஏதுமில்லை என்றும் கூறியது. உடனிருந்த குறிப்பொன்று, அவரவர் அரசமைப்பு நெறிப்படியே இது நிறைவேறும் என்றது. அமெரிக்க நாடாளுமன்றம் இசைந்தால்தான் பணம் என்பது அதன் பொருள். மடல் 1977 வரை வெளியிடப்படவில்லை. பணம் வழங்கப்படவேயில்லை.

ஹனோய் உடன்படிக்கையை மீறி 1975இல் சைகோனைக் கைப்பற்றியதால் 21ஆம் பிரிவும் செல்லாது என்பது வாஷிங்டனின் வாதம். மீறல்கள் இரு தரப்பிலும் நிகழ்ந்தன என்றாலும், ஒப்பந்தச் சட்ட அளவில் இவ்வாதத்தை எளிதில் தள்ளிவிட முடியாது. ஆனால் ஒப்பந்தம் முறிந்தால் ஒப்பந்தக் கடமை மட்டுமே முறியும். அதற்கு முன்பே நிகழ்ந்த அழிவு அப்படியேதான் இருக்கும். 1977 மார்ச்சில் செய்தியாளரிடம் பேசிய கார்ட்டர், அழிவு இரு பக்கத்துக்கும் பொதுவானது என்றார். அமெரிக்க நகரம் எதன்மீதும் ஒரு குண்டும் விழாத போரைப் பற்றிய கூற்று அது.

சங்கப் பாடல்களில் ‘கடன்’ என்பது கடமையையும் குறிக்கும். இன்று பெரும்பாலும் திருப்பித் தர வேண்டிய பணம். இவ்விரு பொருளும் வியட்நாமில் விந்தையாக எதிர்ப்பட்டன. வணிகத் தடை 1994இல் நீங்கி, 1995இல் தூதரக உறவு மலர்ந்தது. 1997இல், தோற்று மறைந்த தென் வியட்நாம் அரசு அமெரிக்காவிடம் பட்டிருந்த சுமார் 14.5 கோடி டாலர் கடனைத் திருப்பிச் செலுத்த ஹனோய் ஒப்புக்கொண்டது. அப்பணத்தில் ஒரு பகுதி, 2000ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி வியட்நாமிய மாணவர்களுக்கான அமெரிக்கக் கல்வி உதவித்தொகையாகத் திரும்பியது. போருக்குப் பின் கணக்குத் தீர்த்தது குண்டுகளை ஏற்ற நாடே.

இனி ஏஜென்ட் ஆரஞ்சு. 1961 முதல் 1971 வரை தெளிக்கப்பட்ட களைக்கொல்லிகளில் மிகுதியாகப் பயன்பட்டது இதுவே. இதில் டையாக்சின் நஞ்சு கலந்திருந்தது. 1991இல் அமெரிக்கா இயற்றிய சட்டம், வியட்நாமில் பணியாற்றிய தன் படைவீரருக்குக் குறிப்பிட்ட நோய்கள் வந்தால் அவற்றுக்கு இந்நஞ்சே காரணம் எனக் கொள்ளச் செய்தது. வீரர் தனியே மெய்ப்பிக்க வேண்டியதில்லை. அதே மண்ணில் வாழ்ந்த வியட்நாமியர் உற்பத்தி நிறுவனங்கள்மீது தொடுத்த வழக்கு 2005இல் நியூயார்க் நீதிமன்றத்தில் தள்ளுபடியானது. பின்னாளில் வியட்நாமின் மாற்றுத்திறனாளிகளுக்கு அமெரிக்க நிதி சென்றபோது, அத்திட்டங்களுக்கு அடையாகச் சேர்ந்த தொடர் ‘காரணம் எதுவாயினும்’. கேட்க மனிதநேயமாகவே ஒலிக்கிறது. தன் வீரருக்கு முன்கூட்டியே ஏற்ற காரணத்தை மற்றவருக்குப் பெயரிடாமலே கடக்கும் வழியும் அதுதான்.

டா நாங் விமான தளத்தின் நச்சுமண் 2012 முதல் 2018 வரை அமெரிக்க நிதியில் தூய்மையாக்கப்பட்டது. அது மெய்யான பணி, குறைத்துச் சொல்வதற்கில்லை. அதைவிடப் பெரிய பியென் ஹோவா தளத்தில் பணி 2019இல் தொடங்கியது. 2025 தொடக்கத்தில் வாஷிங்டன் தன் அயலுதவியை நிறுத்திவைத்தபோது, அப்பணம் உதவிக் கணக்கில் இருந்தமையால் அதுவும் நின்றது. தோண்டிய மண் திறந்து கிடக்க, வேலையாட்கள் தளத்தை விட்டு வெளியேறினர். பணி மீண்டும் தொடங்கச் சில வாரங்கள் ஆயின.